உடைமையும் இரசனையும்: இத்தாலியப் பந்தயக் கார்களை முன்னிறுத்திய ஒரு மதிப்பீடு

ஒரு கலைப்பொருளை இரசிப்பதற்கும் அதனை உடைமையாகக் கொள்வதற்கும் இடையேயுள்ள உறவு, கலை விமர்சனத்திலே போதிய அளவு ஆராயப்பட்ட ஒன்றெனக் கூறமுடியாது. கவிதையைப் பொறுத்தவரை இவ்வினா எழுவதற்கே இடமில்லை. ஒரு செய்யுளை மனனஞ் செய்தவன் அதனை முழுமையாகவே பெற்றுவிடுகின்றான். அவன் பெற்றதனால் மற்றொருவனுக்கு அது குறைந்துபோவதுமில்லை. ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் வரும்போது நிலைமை மாறுகின்றது. அவை ஒருவர் வீட்டுச் சுவரிலோ முற்றத்திலோ இருப்பின் ஏனையோருக்கு எட்டாதனவாகின்றன. எனினும் ஒருமுறை கண்டவர் அவற்றைப் பெருமளவிற்கு உணர்ந்தவரே. இயந்திரத்தின் நிலையோ இவ்விரண்டிலும் வேறானது. இயங்கும்போதுதான் அது முழுமை பெறுகின்றது. இயக்கும் உரிமையோ உடையவன் கையிலே தங்கியிருக்கின்றது. ஆகவே, இயந்திரம் ஒன்று கலைப்பொருளெனக் கொள்ளப்படுமாயின், அதனை உண்மையில் இரசிப்பவர் யார் என்ற வினா தவிர்க்கமுடியாததாகின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்கு இத்தாலியப் பந்தயக் கார்களினும் பொருத்தமான உதாரணம் கிடைப்பதரிது. இருபதாம் நூற்றாண்டிலே கலை என்ற பெயரைப் பெற்ற இயந்திரங்களுள் அவை முன்வரிசையில் நிற்பவை. அழகியற் கோட்பாடு, நூதனசாலை, ஏலச்சந்தை, நீதிமன்றம் ஆகிய நான்கும் அவற்றுக்கு அப்பெயரை வெவ்வேறு காலங்களில் வழங்கியுள்ளன. இந்நான்கு அங்கீகாரங்களையும் தனித்தனியே பரிசீலித்து, அவை எதனைக் கண்டன, எதனைக் காணத் தவறின என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது அங்கீகாரம் கவிஞர் ஒருவரிடமிருந்து வந்தது. 1909ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி, பாரிசின் 'லெ பிகாரோ' பத்திரிகையில் மரினெற்றி தமது எதிர்காலவாதப் பிரகடனத்தை வெளியிட்டார். லூவர் நூதனசாலையிலுள்ள சாமொத்திராசின் வெற்றித் தேவதைச் சிலையிலும் பார்க்கப் பந்தயக் கார் அழகியது என்பது அப்பிரகடனத்தின் புகழ்பெற்ற கூற்றுக்களுள் ஒன்றாகும். மரபின் மீது எறியப்பட்ட கல்லாகவே அன்று அது கருதப்பட்டது. ஆயினும் அக்கூற்றை ஊன்றி நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். மரினெற்றி புகழ்ந்தது குறிப்பிட்ட ஒரு காரையன்று. வேகம் என்னும் கருத்தையே. அக்கார் எந்தத் தொழிற்சாலையிலே செய்யப்பட்டது, எவருடைய கைகள் அதனை உருவாக்கின என்பன அவருக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. போரையும் அழிவையும் அதே பிரகடனத்தில் அவர் போற்றியமை தற்செயலானதன்று. செய்தவனையும் பாதிக்கப்படுபவனையும் மறந்து வேகத்தை மட்டும் வழிபடும் அழகியல், அத்தகைய முடிவுக்கு வந்து சேர்வது இயல்பே.

இரண்டாவது அங்கீகாரம் நூதனசாலையினுடையது. 1951ஆம் ஆண்டு நியூயோர்க் நவீன கலை நூதனசாலை எட்டு மோட்டார் வாகனங்களைத் தெரிந்தெடுத்துக் காட்சிக்கு வைத்தது. அமெரிக்க இராணுவத்தின் ஜீப் வண்டியும் அவ்வெட்டினுள் ஒன்றாக இருந்தமை குறிப்பிடத்தக்கது. இத்தாலியின் சார்பிலே இடம்பெற்றது, பினின் பரீனாவின் பட்டறையில் உருவம் பெற்ற சிசித்தாலியா 202 ஆகும். பின்னர் 1972இல் அதே வகைக் கார் ஒன்றை அந்நூதனசாலை தனது நிரந்தரச் சேகரிப்பிலும் சேர்த்துக்கொண்டது. அக்கால வழக்கப்படி சில்லுக் காப்புகளும் முன்மூடியும் விளக்குகளும் வெவ்வேறு உறுப்புகளாக ஒட்டவைக்கப்பட்டிருக்க, சிசித்தாலியாவில் அவையனைத்தும் தொடர்ந்து செல்லும் ஒரே தோலின் ஏற்ற இறக்கங்களாக அமைந்தன. உருவத்தின் ஒருமை என்று நாம் இலக்கியத்திலே பேசும் பண்பு அங்கே உலோகத்திற் காணப்பட்டது. நூதனசாலையின் தெரிவு நுண்மையானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அத்தெரிவு உருவத்தோடு நின்றுவிட்டது. சிசித்தாலியாவின் உட்புறத்தை நோக்கினால் வேறொரு கதை விரிகின்றது. அதன் இயந்திரம் 1,089 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. பியற் நிறுவனத்தின் சாதாரண 1100 வகைக் காரிலிருந்து பெறப்பட்டது. போரினாற் சிதைந்த நாட்டில் பெரிய இயந்திரமொன்றைப் புதிதாக ஆக்குவதற்கு வேண்டிய மூலதனம் இருக்கவில்லை. எரிபொருள் விலையும், இயந்திரத்தின் அளவுக்கேற்ப விதிக்கப்பட்ட வரியும் சிறிய இயந்திரங்களையே நாடச் செய்தன. வலுக் குறைந்த இயந்திரத்தைக் கொண்டு வேகம் பெறவேண்டுமாயின் பாரத்தைக் குறைத்தல் வேண்டும். காற்றின் எதிர்ப்பையும் குறைத்தல் வேண்டும். மெல்லிய குழாய்ச் சட்டமும், அலுமினியத் தகடும், காற்றை இடறாத வளைவும் இத்தேவையிலிருந்து பிறந்தவை. நாம் அழகென்று வியக்கும் அவ்வளைவு, வறுமை கற்பித்த சிக்கனத்தின் விளைவுமாகும். பீடத்தின்மீது அசையாது நிறுத்தப்பட்ட காரிலே இக்காரணகாரியத் தொடர்பு பார்வையாளனுக்குப் புலப்படுவதில்லை. உள்ளடக்கத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உருவமே அவன் முன் நிற்கின்றது.

அவ்வுருவத்தை ஆக்கியோர் யாவர் என்பது அடுத்து எழும் வினா. அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் ஒரு நிறுவனம் செய்ய, உடலை வேறொரு பட்டறை அமைப்பது இத்தாலியிலே நெடுங்காலம் நிலவிய வழக்கமாகும். குதிரை வண்டி செய்தோரின் தொழில்மரபு அவ்வாறே மோட்டார் யுகத்தினுட் புகுந்தது. மிலானில் 1926இல் தொடங்கிய ரூறிங், துரினில் இயங்கிய பினின் பரீனா, பெர்ட்டோனே, மொடேனாவில் இருந்த ஸ்காலியெற்றி என்பன அத்தகைய பட்டறைகள். இவற்றின் உயிர்நாடியாக விளங்கியோர் 'பத்திலாஸ்த்ரா' என்று இத்தாலியர் வழங்கும் தகடடிப்போர். மணல் நிரப்பிய பையின்மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து, கம்பிச் சட்டத்தோடு ஒப்பிட்டு, மீண்டும் அடித்து வளைவை வருவித்தனர். அவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தவை பெரும்பாலும் கண்ணும் கையுமே. இதனாலேயே ஒரே வகையைச் சேர்ந்த இரு கார்கள் முற்றாக ஒத்திருப்பதில்லை. ஒரே காரின் இடப்புறமும் வலப்புறமுங்கூடச் சிறிது வேறுபடுவதுண்டு. சிறுவயதிலேயே தொழிலுக்கு வந்து, 2011இல் மறைந்த செர்ஜியோ ஸ்காலியெற்றியின் பெயர் வரலாற்றிலே நிலைத்தது. அவர் பட்டறையிற் சுத்தியல் பிடித்த பலரின் பெயர்களை எந்த ஏலப் பட்டியலும் தாங்கி வருவதில்லை.

இம்மரபின் உச்சமெனக் கருதப்படுவது பெராரி 250 ஜீ.ரீ.ஓ. ஆகும். 250 என்பது ஓர் உருளையின் ஏறத்தாழக் கொள்ளளவைக் குறிக்கும். பன்னிரண்டு உருளைகள் சேர்ந்து 2,953 கன சென்ரிமீற்றர். 1962 முதல் 1964 வரை 3 லீற்றர் இயந்திரத்துடன் செய்யப்பட்டவை 36 மட்டுமே. பந்தய விதிப்படி ஒரு வகையில் 100 கார்கள் செய்யப்பட்டிருத்தல் வேண்டும். முன்னிருந்த வகையொன்றின் மாறுவடிவமே இது என வாதிட்டு நிறுவனம் அனுமதியைப் பெற்றது. பெயரின் இறுதியெழுத்து அவ்வனுமதியையே சுட்டுகின்றது என்பது சுவையான முரண். ஜியோற்றோ பிட்சரினி தொடக்கிய வேலையை, 1961இன் இறுதியில் அவர் வெளியேற நேர்ந்தபின் இளைஞரான மௌரோ போர்கியேரி தொடர்ந்தார். உடலை ஸ்காலியெற்றி அமைத்தார். தாழ்ந்த மூக்கிலுள்ள மூன்று சிறு திறப்புகள், வேண்டியபோது மூடி அகற்றிக் குளிர்காற்றை உள்ளே விடுதற்கானவை. பக்கங்களிலுள்ள வெட்டுகள் வெப்பக் காற்றை வெளியேற்றுவன. வெட்டிவிட்டாற் போன்ற பின்புறமும் அதன்மேல் உயர்ந்த சிறு விளிம்பும், மிகு வேகத்திலே கார் நிலத்தைப் பற்றி நிற்பதற்கானவை. அலங்காரத்திற்கென்று அமைந்த கோடொன்றை அதிலே காண்பதரிது. சொற்சுருக்கம் மிக்க செய்யுளில் ஒரு சீரையும் நீக்கமுடியாதிருப்பது போல, இக்காரிலும் ஒரு திறப்பையும் நீக்கமுடியாது. அதன் அழகு அங்கேயே தங்கியிருக்கின்றது.

அவ்வாறாயின் இப்பொருளைப் புகழ்வதோடு விமர்சகன் அமைதியடையலாமா? அமையலாகாது என்பதற்கு 1957ஆம் ஆண்டே சான்று. பிரேசியாவிலிருந்து றோமுக்குச் சென்று மீண்டும் பிரேசியாவை அடையும் 'மில்லே மிலியா' என்னும் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் ஓட்டம், 1927இல் தொடங்கிப் பொதுவீதிகளில் நடத்தப்பட்டு வந்தது. வீதியோரத்தில் நின்று அதனைக் கண்டு களித்தோர் பெருந்தொகையினர். அவர்களிடம் பந்தயக் கார் இல்லை. நுழைவுச்சீட்டும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. உடைமையற்றவனும் இயந்திரத்தை அதன் இயக்கத்திலேயே இரசிக்கக் கிடைத்த அரிய வாய்ப்பு அதுவெனலாம். 1957 மே 12ஆந் திகதி, குயிடிற்சோலோ என்னும் ஊருக்கு அண்மையில் அல்போன்சோ டி போர்த்தாகோ செலுத்திய பெராரியின் ரயர் வெடித்தது. அவரும் துணைவராகச் சென்றவரும் இறந்தனர். வீதியோரத்தில் நின்ற ஒன்பது பேரும் இறந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். என்சோ பெராரிமீது தொடரப்பட்ட வழக்கு, 1961இல் அவர் விடுவிக்கப்பட்டதோடு முடிவுற்றது. பழைய வடிவிலான அப்பந்தயமும் அவ்விபத்தோடு முடிவுற்றது.

அன்று ஓடிய பெராரி அணியின் மற்றொரு கார், பிற்காலத்தில் 335 எஸ் வகையாக மாற்றப்பட்டு, 2016இல் பாரிசிலே ஏலத்துக்கு வந்தது. அது பெற்ற விலை 3 கோடி 20 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்டது. விபத்துக்குள்ளான கார் இதுவன்று. ஆயினும் அதே அணியைச் சேர்ந்தது, அதே நாளில் அதே பாதையில் ஓடியது. அத்தகைய காருக்கு விலையைத் தருவனவற்றுள் அதன் வரலாறு முதன்மையானது. வரலாறு விலையாகும்போது வெற்றிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. வீதியோரத்துக் குழந்தைகள் அடிக்குறிப்பாகின்றனர். காரை வெறுக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. புகழையும் பழியையும் ஒருங்கே தாங்கிய பொருளிடமிருந்து புகழை மட்டும் எடுத்துக்கொள்ளும் இரசனை, அரைகுறையான இரசனையே என்பது எமது துணிபு.

இது எம்மை மூன்றாவது அங்கீகாரமாகிய சந்தைக்கு இட்டுச்செல்கின்றது. 250 ஜீ.ரீ.ஓ. புதிதாக விற்கப்பட்டபோது அதன் விலை ஏறத்தாழ 18,000 அமெரிக்க டொலர். 2018 ஓகஸ்ற்றில் கலிபோர்னியாவிலுள்ள மொன்ரரேயில் ஒரு ஜீ.ரீ.ஓ. 4 கோடி 84 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று. 2023 நவம்பரில், 4 லீற்றர் இயந்திரத்தோடு பிறந்த அதே குடும்பத்துக் கார் ஒன்று நியூயோர்க்கிலே 5 கோடி 17 இலட்சம் டொலர் பெற்றது. பின்னைய விற்பனை ஓவியங்கள் விலைபோகும் ஏலப் பருவத்திலேயே நடத்தப்பட்டமை கவனிக்கத்தக்கது. 'ஓடும் சிற்பம்' என்ற எண்ணம் தன் தர்க்க முடிவை அங்கே எய்தியது எனலாம். கார் ஓவியத்தின் விலையைப் பெற்றதோடு ஓவியத்தின் விதியையும் பெற்றது. ஓடினால் தேயும், தேய்ந்தால் விலை குறையும், ஆகவே ஓடாதிருத்தலே நன்று என்ற நியாயம் வலுப்பெறுகின்றது. ஓடுவதற்கென்றே ஒவ்வொரு கோடும் வகுக்கப்பட்ட பொருள், ஓடாமையினாலே மதிப்புப் பெறுவதிலும் பெரிய முரண்பாடு வேறெதுவும் இருக்கமுடியாது.

உடையோர் யாவரும் இந்நியாயத்துக்குப் பணிந்தவர் என்று கூறுதல் நேர்மையாகாது. 'பிங் புளோயிட்' இசைக்குழுவின் மேளக் கலைஞரான நிக் மேசன், 1977இல் தாம் வாங்கிய ஜீ.ரீ.ஓ.வைப் பந்தயத் தடங்களிலே ஓட்டி வந்துள்ளார். பிலடெல்பியாவைச் சேர்ந்த நரம்பறுவைச் சிகிச்சை நிபுணரான பிரெட் சிமியோன், அல்பா றோமியோ 8சி 2900பி உட்படத் தாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவற்றை 2008இல் பொது நூதனசாலையாகத் திறந்துவைத்தார். அங்குள்ள கார்கள் குறித்த நாட்களில் வெளியே கொண்டுவரப்பட்டு மக்கள் முன் ஓட்டிக் காட்டப்படுகின்றன. 2022இல் அவர் மறைந்தபின்னும் அந்நிறுவனம் நிலைத்திருக்கின்றது. உடைமை என்பது காவற்பொறுப்பு என்ற கருத்தை அவர் வற்புறுத்தி வந்தார். பழைய காரின் கீறலையும் மங்கிய நிறத்தையும் அழித்துப் புத்தம்புதிதாக்குவது, அதன் வரலாற்றை அழிப்பதாகும் என்பதும் அவர் நிலைப்பாடு.

இவ்விடத்து நமக்குப் பழக்கமான ஓர் ஒப்புமை துணைபுரியும். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் எதிர்நோக்கும் சிக்கலையே பழைய காரைப் புதுப்பிப்பவரும் எதிர்நோக்குகின்றார். செல்லரித்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பலாமா? பிற்காலத்தார் சேர்த்ததை நீக்கலாமா? மூலபாடம் எது? பந்தயக் கார் ஒன்று தன் வாழ்நாளில் இயந்திரம் மாற்றப்பட்டு, மோதி, மீண்டும் அடித்து நிமிர்த்தப்பட்டு, வேறு நிறம் பெற்று வந்திருக்கும். அதன் 'முதல் நிலை' என்று ஒன்றைத் தேர்ந்து அதற்கே மீட்பது, பாடபேதங்களை ஒளித்துவிட்டு ஒரே பாடத்தை அச்சிடுவது போன்றதாகும். அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் பொருந்தினால் விலை உயரும் என்று சந்தை கூறுகின்றது. நல்ல பதிப்பாசிரியரோ எது மாறிற்று, எப்போது மாறிற்று, ஏன் மாறிற்று என்பவற்றையும் குறித்துவைப்பார். முன்னையது உடைமையின் அளவுகோல். பின்னையது புலமையின் அளவுகோல்.

நான்காவது அங்கீகாரம் நீதிமன்றத்தினுடையது. 2019இல் இத்தாலியின் பொலோஞா நகர நீதிமன்றம் 250 ஜீ.ரீ.ஓ.வின் வடிவத்தைக் கலைப்படைப்பாக ஏற்று, அதன் பிரதிகளைச் செய்தலுக்கு எதிராக நிறுவனத்துக்குப் பாதுகாப்பு வழங்கியது. தொழிற்பொருள் ஒன்றின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடைக்கவேண்டுமாயின், அதற்குப் படைப்புத் தன்மையும் கலைப் பெறுமதியும் இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். கலை என்னும் சொல் இங்கே உரிமைப் பாதுகாப்பின் வேலியாகத் தொழிற்படுகின்றது. அவ்வேலியின் உள்ளே நிற்பது யார்? வடிவத்தைக் கணித்த பொறியியலாளர், அதனை உலோகத்தில் உணர்ந்த பட்டறைத் தலைவர், பெயரறியாத தகடடிப்போர் ஆகிய பலரது கூட்டு உழைப்பு, தீர்ப்பிலே ஒரு நிறுவனத்தின் உரிமையாகச் சுருங்குகின்றது. அவ்வூர்ப் பட்டறைகளிலே தலைமுறைதோறும் கைமாறிவந்த கைவினையை, அதே பிரதேசத்துக் கைவினைஞன் அவ்வடிவில் மீண்டும் செய்தால் அது மீறலாகின்றது. பிறர் பெயரை விற்றுப் பொய்ப்பொருள் செய்வதைத் தடுத்தல் நியாயமே. ஆயினும் கூட்டுப் படைப்பொன்றின் ஆசிரியர் யார் என்ற கேள்விக்குச் சட்டம் அளித்த விடை, விமர்சனத்துக்கும் போதிய விடையாகிவிடாது.

இவையெல்லாம் செல்வர் விளையாட்டே, நமக்கு இதிலே என்ன என்று ஒருவர் வினவலாம். அவ்வினாவுக்கும் இத்தாலிய மரபினுள்ளேயே விடையுண்டு. 1933 முதல் அல்பா றோமியோ அரச நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1986இலேயே அது பியற்றுக்குக் கைமாறிற்று. 1950களின் தொடக்கத்தில் கடன்பத்திரம் வாங்கிய பொதுமக்களுக்குச் சீட்டிழுப்பின் மூலம் புதிய ஜூலியெற்றா கார்கள் வழங்கப்படுமென வாக்களிக்கப்பட்டது. நான்கு கதவுக் கார் காலந்தாழ்த்தவே, வாக்கைக் காக்கும் பொருட்டு பெர்ட்டோனே பட்டறையின் துணையோடு ஒரு சிறிய இருகதவுக் கார் விரைந்து ஆக்கப்பட்டு, 1954இல் துரினிலே காட்டப்பட்டது. பிராங்கோ ஸ்காலியோனே வடிவமைப்பிலே பங்குகொண்டார். 1,290 கன சென்ரிமீற்றர் இயந்திரமே கொண்ட அந்த ஜூலியெற்றா ஸ்பிரின்ற், சில நூறு செய்தாற் போதுமென்று தொடங்கப்பட்டுப் பல்லாயிரக்கணக்கிற் செய்யப்பட்டது. அதனை வாங்கியோர் கோடீஸ்வரர் மாத்திரமல்லர். அதனைச் செப்பஞ் செய்தவர் அயலிலுள்ள கராச்காரர். வார நாளில் வேலைக்குச் சென்ற கார், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் போட்டியிலும் ஓடக்கூடியதாயிருந்தது. சிசித்தாலியாவின் சிக்கனமும் ஜீ.ரீ.ஓ.வின் பொருத்தமும் அங்கே அன்றாட வாழ்வோடு இணைந்தன. அதன் பெறுமதியை எந்த ஏலத் தொகையாலும் முற்றாக அளந்துவிட முடியாது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். கவிஞர் வேகத்தைக் கண்டார், செய்தவனைக் காணவில்லை. நூதனசாலை உருவத்தைக் கண்டது, இயக்கத்தைக் காணவில்லை. சந்தை அருமையைக் கண்டது, பயனைக் காணவில்லை. நீதிமன்றம் உரிமையைக் கண்டது, கூட்டுழைப்பைக் காணவில்லை. நான்கும் உண்மையின் பகுதிகளே. முழுமையான விமர்சனம் அவற்றை ஒருங்கிணைத்து, ஒரு பொருள் எத்தேவையிற் பிறந்தது, எவர் கையால் ஆயிற்று, எவரை மகிழ்வித்தது, எவரைத் துன்புறுத்தியது என வினவுதல் வேண்டும்.

அவ்வாறு வினவுபவனுக்குக் காரின் சாவி அவசியமன்று. உடையவன் அதனைப் பூட்டிவைக்கலாம், ஓட்டலாம், விற்கலாம். அதன் வளைவு ஏன் அவ்விடத்தில் வளைகின்றது என்பதை அறிந்தவனிடமிருந்து அவ்வறிவை எந்த ஏலத்திலும் எடுத்துவிட முடியாது. செய்யுளை மனனஞ் செய்தவன் நிலைக்கு இயந்திரத்தை இரசிப்பவனும் உயரக்கூடிய வழி அதுவே. உடையோர்க்கும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. அப்பொருள் பிறர் கண்முன்னே இயங்குவதற்கு அவர்கள் இடமளித்தல் வேண்டும். ஓட்டமில்லாத காரும் ஓதப்படாத நூலும் ஒரே கதியை அடைபவை.